இரண்டாவது ஆன்டிலாக்

அன்புள்ள மதி,

இங்கே இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வடகறி தருகிறார்கள். வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. மற்றபடி சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அம்மாவிடம் சொல்.

நான் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ் ஆனதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். "இவ்வளவு பெரிய சங்கதிக்கு நாலு வரிதான் எழுதுவியாண்ணே, எதை மறைக்கே?" என்றும் கேட்டிருந்தாய். மறைக்கவில்லை. சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் நம் வீட்டில் நீ ஒருத்திதான். பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிறாய். கணக்குத் தெரிந்தவர்கள் அவசரப்பட்டு ஒருவன் மேல் பழி போடமாட்டார்கள்.

எங்கள் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது. ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் சின்னச் சின்னத் தகட்டுச் சாமான்கள் அடிக்கிறோம். அதற்கு ஐந்து பவர் பிரஸ்கள். பவர் பிரஸ் என்றால் நீ பார்த்திருக்கமாட்டாய். ஆளைவிட உயரமான இரும்பு. அதன் தலையில் ஒரு பெரிய சக்கரம் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால், மேல் அச்சு ஒரே ஒரு முறை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு ஏறும். அந்த 'ஒரே ஒரு முறை' என்பதைப் பார்த்துக்கொள்வது விரல் நீளத்தில் ஒரு ஸ்பிரிங். அது உடைந்தால், மிதிக்காமலேயே அச்சு இன்னொரு முறை இறங்கும். இங்கே அதை டபுள் அடிக்கிறது என்பார்கள். தகட்டை உள்ளே வைப்பதும் அடித்ததை எடுப்பதும் கையால்தான். அதனால் ஸ்பிரிங் உடைகிற வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை. முப்பதாயிரம் அடி ஆனதும், நன்றாக இருந்தாலும் கழற்றிவிட்டுப் புதிது போடுவார்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி. ஆக ஆறு நாளைக்கு ஒரு ஸ்பிரிங்.

அந்த முப்பதாயிரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலைகளில் ஒன்று. எங்கள் என்றால் நானும் ஸ்ரீதரும்.

ஸ்ரீதரைப் பற்றி முன்பு நிறைய எழுதியிருக்கிறேன். பெரம்பூர்க்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் வந்து இறங்கிய அன்று, "ஊர்லேர்ந்து வந்தவன் மாதிரி முழிக்காத மச்சி, பஸ்ல எவனாவது பைய தூக்கிகினு பூடுவான்" என்று சொல்லி என் பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். பிளைவுட் தடுப்புப் போட்ட குளிர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு பி.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவன் ஒரு விதி வைத்திருந்தான். ஒவ்வொரு புரோகிராம் ஃபைலின் முதல் வரியிலும் எழுதியவன் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஒருவன் ஃபைலில் மற்றவன் கை வைக்கக்கூடாது. "உன் ஃபைலு உனுக்கு, என் ஃபைலு எனுக்கு. கை வெச்சே, கைய ஒட்ச்சிடுவேன்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் நல்ல விதி. நான் ஒரு நாளும் அதை மீறியதில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்பிரிங் மாதிரி ஓடி ஓடி உடைகிற பொருளின் சராசரி ஆயுளைக் கணக்கிட காமா ஃபங்ஷன் வேண்டும். ஃபாக்டோரியலை முழு எண்களுக்கு நடுவிலும் நீட்டினால் கிடைப்பதுதானே காமா, உனக்குத் தெரியும். எங்கள் பி.சி.யில் இருந்த சி கம்பைலருக்கு அது தெரியாது. நான்தான் எழுதினேன். காமாவை நேராகக் கணக்கிட்டால், எண் நூற்று எழுபதைத் தாண்டியதும் கொள்ளாமல் வழிந்துவிடும். ஆகவே அதன் லாகை மட்டும் கணக்கிட்டுத் தர வேண்டும்; வேண்டியவன் கடைசியில் ஆன்டிலாக் பார்த்துக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் லாக் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்தோமே, அதேதான்; அடிமானம் மட்டும் பத்துக்குப் பதிலாக e. பெரிய எண்களுக்குத் தொடர் அழகாக வரும். சின்ன எண்களுக்குப் பிசகும். எண்ணைப் பத்துக்கு மேல் ஏற்றிவிட்டுக் கணக்கிட்டு, ஏற்றிய அளவை லாகிலேயே கழிக்க வேண்டும். அந்த ஆறு வரிக்கே எனக்கு நாலு நாள் ஆனது. தண்டலத்தில் ஒரு காலேஜ் நூலகத்தில் அட்டவணைப் புத்தகம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போய் நின்றுகொண்டே ஒப்பிட்டுப் பார்ப்பேன். பத்து இலக்கம் வரை சரியாக வந்த அன்று, காலேஜ் வாசலில் இரண்டு கரும்புச்சாறு வாங்கி இரண்டையும் நானே குடித்தேன். மொத்தம் மூன்று வாரம்.

ஸ்ரீதர் தன் பங்குக்கு 'ஆயுள்' ஃபைலை எழுதினான். சோதனை எண்களை வாங்கி, என் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வருகிற லாகுக்கு ஒரே ஒரு வரியில் ஆன்டிலாக் பார்த்து, சராசரி ஆயுளை அச்சடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இரண்டு ஃபைலும் சேர்ந்தால்தான் ஒரு விடை.

நடுவில் அந்த மே மாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு போலீஸ். என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தப்பா நென்ச்சிக்காத தம்பி, உன் பேச்சு வேற மாதிரி கீது. எங்களுக்கு எதுக்கு வம்பு, வேற எடம் பாத்துக்கோ" என்றார். நம் ஊர்ப் பேச்சு அவருக்கு வேறு எங்கோ உள்ள பேச்சாகக் கேட்டிருக்கிறது. பெட்டியும் படுக்கையுமாகத்தான் அன்று வேலைக்குப் போனேன். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் சந்திரம்மாள் என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். வடக்குப்பட்டுக்காரர்.

"இன்னா பொட்டிக்காரரே, மூட்டையோட வந்துகீற? பொஞ்சாதி தொரத்திட்டாளா?" என்றார்.

"இன்னும் கல்யாணமே ஆகலக்கா. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார்."

"அதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிகினுகீற? எங்க தம்பி வூட்ல ஒரு ரூமு சும்மாதான் கீது. சாயந்தரம் என்கூட பஸ் ஏறு."

வழியில் பஸ்ஸை நிறுத்தி, போலீஸ்காரர் ஒருவர் என்னை இறங்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், "அது எங்க வூட்டுப் புள்ள சார், ஊம மாதிரி இருப்பான், வுடு" என்று சந்திரம்மாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வடக்குப்பட்டில்தான் இருக்கிறேன். தினமும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். கம்ப்யூட்டரைப் பொட்டி என்பார். "உன் பொட்டிக்கு ஜலதோஷம் புடிக்கலியா, அவ்ளோ குளிர்ல வெச்சிகீறீங்க" என்று தினம் கேட்பார்.

ஆகஸ்ட் மாதம் ஸ்ரீதர் மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குப் போய் எங்கள் புரோகிராமைக் காட்டிவிட்டு வந்தான். எனக்கு அன்று காய்ச்சல். அடுத்த வாரம் அவன் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ் ஆனான். சந்தோஷமாகத்தான் இருந்தது, மதி. நானும் கை கொடுத்தேன். பிறகு அங்கே அவன் கொடுத்திருந்த அச்சுத் தாள் கட்டு திரும்பி வந்தது. அடுக்கி வைக்கலாம் என்று பிரித்தேன். ஆயுள் ஃபைலின் முதல் வரியில் அவன் பெயர். சரிதான். காமா ஃபைலின் முதல் வரியிலும் அவன் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. பி.சி.யில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் மாற்றியிருந்தான்.

கேட்டேன்.

"ஒரு பேர்தானே மச்சி," என்றான். "ரெண்டு பேர் பேர் இருந்தா அவங்க குழம்புவாங்க. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினுகீற? நாளைக்கி நான் மேல போனா உன்னியும் இட்டுகினு போவேன் இல்ல?"

டீ வாங்கி வரச் சொன்னான். போய் வாங்கி வந்தேன். திருடன் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் கத்தியிருப்பேன். இவன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அதற்கு எப்படிக் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் நான் நூலகத்தில் நின்றிருந்தபோது அவன் தங்கச்சி வளைகாப்பு, அது இது என்று பெரம்பூருக்குப் போயிருந்தான். சின்ன எண்ணை ஏன் பத்துக்கு மேல் ஏற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் வந்து சொன்னான்: "மச்சி, உன் ஃபங்ஷன் லாக்ல விடை தருது பாரு, அது பெரியவங்களுக்குப் புரியல. நேரா காமாவே வர மாதிரி மாத்திடு. நம்ம நம்பர்லாம் சின்னதுதானே, வழியாது."

"நேரா காமாவே வரணுமா?"

"ஆமான்றேன் இல்ல. சீக்கிரம் முடி."

முடித்தேன். அவன் சொன்னதைத்தான் செய்தேன். ஃபங்ஷனுக்கு உள்ளேயே கடைசியில் ஆன்டிலாக் பார்த்து, காமாவையே திருப்பித் தந்தேன். அட்டவணையோடு ஒப்பிட்டேன். பத்து இலக்கமும் சரி. முதல் வரியில் தேதியை மட்டும் புதுப்பித்தேன். பெயரை அவன் வைத்தபடியே விட்டுவிட்டேன். அந்த ஃபைலில் இன்றைக்கும் ஒரு தவறு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஆயுள் ஃபைலில் ஆன்டிலாக் பார்க்கிற ஒரு வரி இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அது அவன் ஃபைல். நான் அதில் கை வைக்கவில்லை.

இனி உனக்கே விளங்கும். ஆன்டிலாக் பார்த்த எண்ணுக்கு இன்னொரு முறை ஆன்டிலாக். எங்கள் ஸ்பிரிங்குக்குப் புள்ளி எட்டு ஒன்பது என்று வர வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி நான்கு நான்கு வரும். எண்பத்தொன்பதாயிரம் அடி என்று வர வேண்டிய சராசரி ஆயுள், இரண்டு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று வரும். மாற்ற வேண்டிய கெடு முப்பதாயிரத்திலிருந்து எண்பதாயிரத்துக்குப் போகும்.

அக்டோபரில் கிண்டியிலிருந்து ஒரு புது சப்ளையரின் ஸ்பிரிங் வந்தது. இருபது ஸ்பிரிங்கை உடையும் வரை ஓட்டிச் சோதித்தார்கள். ஸ்ரீதர் எண்களைக் கொடுத்தான், எண்பதாயிரம் வந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் பரசுராமனுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு முறை ஸ்பிரிங் மாற்றும்போதும் ஒரு மணி நேரம் பிரஸ் நிற்கும்; தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் நெருக்கடி வேறு. மெக்கானிக் ராஜாமணி மட்டும், "பழைய ஸ்பிரிங்குக்கும் இதுக்கும் எனக்கொண்ணும் வித்தியாசம் தெரியல சார், எண்பது வரிக்கும் வுட்டா டபுள் அட்ச்சிடும்" என்றார். "கம்ப்யூட்டரே சொல்லுதுய்யா, நீ இன்னா அதவிடப் பெரிய ஆளா?" என்று மேனேஜர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். முதலில் ஒரு பிரஸ்ஸில் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. மூன்றாம் நம்பர்.

நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைத் தாள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. இருபது ஸ்பிரிங்கில் ஒன்றுகூட ஒன்றரை லட்சம் அடியைத் தாண்டவில்லை. எல்லாம் ஒன்றரைக்குள் செத்துப்போன கூட்டத்துக்குச் சராசரி ஆயுள் எப்படி இரண்டரை லட்சத்தை நெருங்கும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. எல்லாம் சுவரில் இருந்தது. ஸ்ரீதர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. தீபாவளி முடிந்த அடுத்த திங்கட்கிழமை புது ஸ்பிரிங்கைப் போட்டார்கள். மறு வாரம் புதன்கிழமை ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, எல்லோரையும் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துவதாக இருந்தது. அங்கே எழுந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்பேன். ஸ்ரீதர் முழிப்பான். காமாவை எழுதியவன் யார் என்று அப்போது தெரிந்துவிடும். கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதுவரை ஆபத்து இல்லையா என்று நீ கேட்பாய். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். முதல் ஆறு நாள் பழைய கெடுவுக்குள்ளேயே போய்விடும். அதற்கு மேல் புதன்கிழமை வரை மூன்றே நாள், பதினைந்தாயிரம் அடி. அதற்குள் உடைய பதினாறில் ஒரு வாய்ப்பு. பஸ்ஸில் சந்திரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்தக் கணக்கைப் போட்டேன். "இன்னா எழுதுற, காதல் கடுதாசியா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்பராகீதே, அந்தப் பொண்ணு ஓடியேபோயிடும்" என்றார். அவரை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். பதினாறில் ஒன்று பெரிய எண் இல்லை. நாம் ரோட்டைக் கடப்பதே அந்த மாதிரிதான்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கும் முன் பிரஸ் பக்கத்தில் நின்று சந்திரம்மாள் சொன்னார்: "தம்பி, ரெண்டு நாளா மிஷின்ல லொடக்கு லொடக்குனு ஒரு சத்தம் வருது. ராஜாமணி லீவுல கீறாரு. உன் பொட்டிய கேட்டு சொல்லேன், ஸ்பிரிங்கு மாத்தணுமா?"

மொத்தம் ஐம்பத்தையாயிரம் அடி ஆகியிருந்தது. இன்னும் எத்தனை அடி பாக்கி என்று எழுதி பிரஸ்ஸில் தொங்கவிட்டிருந்த பலகையைப் பார்த்துச் சொன்னேன்: "இன்னும் இருபத்தஞ்சாயிரம் அடி ஓடும்க்கா."

"நீ சொன்னா சரி. அந்த ஸ்ரீதர் பய சொல்லியிருந்தா நம்பமாட்டேன்."

பலகையில் எழுதியிருந்ததை அப்படியே படித்துத்தான் காட்டினேன். என் சொந்த வார்த்தையாக எதுவும் சொல்லவில்லை.

பத்தே முக்கால் மணிக்கு நான் அறைக்குள் இருந்தேன். பிரஸ் ஷாப்பின் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. பழகினால் காதில் விழாது. மூன்றாம் நம்பர் இடைவெளி இல்லாமல் இரண்டு முறை அடித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எல்லா பிரஸ்ஸும் ஒவ்வொன்றாக நின்றன. நான் முதலில் இரண்டு ஃபைல்களையும் ஒரு ஃபிளாப்பியில் எடுத்து, அதை உறையில் போட்டு, என் டிபன் பைக்குள் வைத்தேன். பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

வலது கை. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டார். அதற்குள் ஸ்ரீதர் பி.சி.யில் முதல் வரிகளை மாற்றியிருந்தான். காமா ஃபைலில் என் பெயர் திரும்பி வந்திருந்தது. நான் ஃபிளாப்பியைக் கொடுத்தேன். ஹெட் ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்திருந்த தாள் கட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஃபைலிலும் அவன் பெயர். விபத்து நடந்த பிறகு பெயரை மாற்றியவன் என்ற கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டது. வேலை போனது, கேஸும் நடக்கிறது. தப்பு எந்த வரியில் என்று அதிகாரிக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். "இவ்ளோ நுணுக்கமா தெரிஞ்ச பையன இத்தினி நாளு எங்கய்யா ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்று மேனேஜரிடம் கேட்டார். அடுத்த வாரம் எனக்கு இன்சார்ஜ் கொடுத்தார்கள். நீங்கள் தெரு முழுக்கச் சொன்னது அதைத்தான்.

ஸ்ரீதர் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். முகச்சவரம்கூடச் செய்யவில்லை. "நான்தான் மாத்தச் சொன்னேன், நீ மாத்தினே, அதுல என் லைனு ஒண்ணு மாட்டிக்கிச்சு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு மச்சி. வேணும்னு பண்லன்னாவது சொல்லு. எங்கம்மா சாப்பிடவே மாட்டேங்குது."

"என் பேர் அதுல எங்கயும் இல்லியே ஸ்ரீதர்," என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. கொஞ்சம் இருந்தது.

சந்திரம்மாளை வாரம் இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன். கம்பெனியிலிருந்து வேறு யாரும் அவ்வளவாகப் போவதில்லை. இடது கையால் டம்ளரைப் பிடிக்கப் பழகிவிட்டார். "பொட்டிய நீ பாத்துகினு இருந்திருந்தா எனுக்கு இந்த கதி வந்திருக்காது தம்பி" என்றார். தலை வாரிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாரிவிட ஏற்பாடு செய்திருக்கிறேன். என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

இதுவரை சொன்னதில் ஒரு இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன். நீ கணக்குப் படிப்பவள், இந்நேரம் கவனித்திருப்பாய். கூட்டம் புதன்கிழமை. விபத்து சனிக்கிழமை.

கூட்டம் தள்ளிப்போகவில்லை. சொன்ன நேரத்துக்கு நடந்தது. கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். ஸ்ரீதர் எழுந்து நின்று, இரண்டு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று கரும்பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "கோபால், நீங்களும் இந்த வேலையில இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார், மதி. துண்டுத் தாள் சட்டைப் பையில் இருந்தது. கையும் அங்கே போனது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. நான் கேட்டால் என்ன ஆகும்? ஸ்ரீதர் ஒரு நிமிஷம் முழிப்பான். பிறகு, "ஓ, ஒரு லைனு எக்ஸ்ட்ராவா கீது, இதோ தூக்கிடறேன்" என்று சிரிப்பான். அவர்களும் சிரிப்பார்கள். அந்த வரியை அழிக்க அரை நிமிஷம் போதும். அதற்குப் பிறகும் அவன்தான் இன்சார்ஜ், நான்தான் டீ வாங்கப் போகிறவன். என் மூன்று வாரமும் அந்தச் சனிக்கிழமைகளும் ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். அரை நிமிஷத்தில் அழிக்க முடியாத ஒன்று வேண்டியிருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன். கேசரி நன்றாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் மறுபடியும் கணக்குப் போட்டேன். சந்திரம்மாள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எண்பதாயிரம் வரை விட்டால், அந்த ஸ்பிரிங் நடுவில் உடைய மூன்றில் ஒரு வாய்ப்பு. இரண்டு முறை சரிபார்த்தேன். துண்டுத் தாளைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாளத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவருக்குக் கணக்கு வராது, உணர்ச்சிவசப்படுவார். நீ நிதானமாக யோசி. மூன்றில் ஒன்றுதான் கெட்டது. மீதி இரண்டு பங்கும் சந்திரம்மாளுக்கு எதுவும் ஆகாது என்றுதான் இருந்தது. நான் கடைசி வரை அந்த இரண்டு பங்கின் பக்கம்தான் இருந்தேன்.

அன்புடன்,
கோபால்